காட்டை உண்ணும் மீன்கள்

ஒரு விலங்கு எதை உண்கிறது என்ற கேள்வி பார்வைக்கு மிக எளியது. ஆனால் அதற்குச் சரியான விடை காண்பதற்காகச் சூழலியலாளர்கள் ஏரிகளிலும் ஓடைகளிலும் கடற்கரைகளிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்து வந்திருக்கிறார்கள். பாசியைப் பூச்சியின் இளம்பருவப் புழுவும், புழுவைச் சிறு மீனும், சிறு மீனைப் பெரிய மீனும் உண்பதாகக் காட்டும் ஒற்றை வரிசைக்கு உணவுச் சங்கிலி என்று பெயர். மெய்யான நீர்நிலையில் ஒரே மீன் பலவகை இரையை உண்பதாலும், ஒரே இரையைப் பல விலங்குகள் பங்கிட்டுக்கொள்வதாலும், சங்கிலிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொண்டு உணவு வலை ஆகின்றன. அந்த வலையின் இழைகள் நீர் முடியும் இடத்தோடு நின்றுவிடுகின்றனவா, கரையேறிக் காட்டுக்குள்ளும் செல்கின்றனவா என்பதை அளந்து காட்டியவர்களுள் முதன்மையானவர் ஜப்பானியச் சூழலியலாளர் ஷிகெரு நகானோ.

மீனின் இரைப்பையைத் திறந்து அதன் உணவைக் கணக்கிடும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேரூன்றிவிட்டது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஸ்டீபன் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கையியலாளர் மீன்களின் இரைப்பைகளையும் பறவைகளின் இரைப்பைகளையும் ஆராய்ந்து, எந்த உயிர் எதைச் சார்ந்திருக்கிறது என்பதைப் பட்டியலிட்டார். அந்த உழைப்பின் விளைவாக 1887இல் அவர் நிகழ்த்திய உரை, ஏரியைத் தனக்குள் நிறைவுபெற்ற ஒரு சிற்றுலகமாகப் பார்க்கும்படி அடுத்த பல தலைமுறை ஆய்வாளர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. 1927இல் வெளியான தமது விலங்குச் சூழலியல் நூலில் பிரிட்டனின் சார்ல்ஸ் எல்டன் உணவுச் சங்கிலி என்ற கருத்தைத் துறையின் நடுவில் நிறுத்தினார். நீர்நிலையை நீர்நிலையாகவும் காட்டைக் காடாகவும் தனித்தனியே ஆராய்வதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. ஒரே கரையில் நின்றபடி மீன் ஆய்வாளர் நீரைப் பார்த்தார், பறவை ஆய்வாளர் மரத்தைப் பார்த்தார்.

இந்தப் பிரிவினையில் விரிசல் விழச் செய்தவர்களுள் நோயல் ஹைன்ஸ் குறிப்பிடத்தக்கவர். ஓர் ஓடையின் வளமும் வறுமையும் அது பாயும் பள்ளத்தாக்கின் மண்ணாலும் மரங்களாலும் தீர்மானிக்கப்படுகின்றன என்று அவர் 1975இல் வலியுறுத்தினார். கரை மரங்களிலிருந்து விழும் இலைச்சருகுகளை நீரிலுள்ள பூஞ்சைகள் மென்மையாக்குவதும், அவற்றை நீர்ப்பூச்சிகள் மென்று தின்பதும், அப்பூச்சிகளை மீன்கள் உண்பதும் அதன்பிறகு நன்கு ஆராயப்பட்டன. ஆயினும் உயிருள்ள இரை இரு பக்கமும் கரையைக் கடந்து எவ்வளவு செல்கிறது, அந்தப் போக்குவரத்து தடைப்பட்டால் என்ன நேரும் என்ற கேள்விகளுக்கு எண்களால் விடை சொன்னோர் மிகச் சிலரே.

ஹொக்கைடோ தீவின் தென்மேற்கில் தொமகொமை நகரத்துக்கு அருகில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்காடு ஒன்று உள்ளது. ஹொரொனை என்ற ஓடை அதனூடே ஓடுகிறது. சில மீட்டர் அகலமே உள்ள இந்த ஓடை ஊற்றுநீரால் வாழ்வதால், ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவில், தெளிவாகவும் குளிர்ச்சியாகவும் பாய்கிறது. இருபுறமும் இலையுதிர் மரங்கள் நிற்கின்றன. வெள்ளம் வந்து கருவிகளை அடித்துச் செல்லும் அச்சம் இல்லாததாலும், நீருக்கடியில் நெடுந்தூரம் கண்ணுக்குத் தெரிவதாலும், நுணுக்கமான சோதனைகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஓடை எளிதில் கிடைத்திருக்காது.

இந்த ஓடைக்கு வருவதற்கு முன்பே நகானோ மலையோடைகளில் மூச்சுக்குழாயும் கண்ணாடியும் அணிந்து, குளிர்நீரில் அசையாமல் படுத்தபடி மீன்களை மணிக்கணக்கில் பார்த்துப் பதிவுசெய்யும் முறையில் தேர்ந்திருந்தார். ஒவ்வொரு மீனையும் தனித்தனியே அடையாளம் கண்டு, அது எந்தக் கல்லின் பின்னால் நிற்கிறது, எதனை விரட்டுகிறது, எதனிடம் விலகிப்போகிறது, ஒவ்வோர் இரையையும் எங்கே கவ்வுகிறது என்பதை எல்லாம் அவர் குறித்துக்கொண்டார். சால்மன் குடும்பத்தைச் சேர்ந்த டாலி வார்டன் மீனும் வெண்புள்ளி சார் மீனும் ஹொக்கைடோவின் சில ஓடைகளில் சேர்ந்தே வாழ்கின்றன. உருவிலும் உணவிலும் இவ்வளவு நெருங்கிய இரண்டு இனங்கள் ஒன்றையொன்று ஒழித்துவிடாமல் ஒரே மடுவில் எவ்வாறு பிழைக்கின்றன என்ற புதிருக்கு அந்தப் பதிவுகளில் விடை இருந்தது. நீரோட்டம் இழுத்துவரும் பூச்சிகள் ஏராளமாக இருக்கும்போது இரண்டும் நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று அவற்றையே கவ்வுகின்றன; மிதந்துவரும் இரை குறைந்தவுடன் வெண்புள்ளி சார் தன் இடத்திலேயே நிற்க, டாலி வார்டன் அடித்தளத்துக்கு இறங்கிக் கற்களின்மேல் ஒட்டியிருக்கும் பூச்சிகளைக் கொத்தத் தொடங்குகிறது. உணவு முறையை மாற்றிக்கொள்ளும் இந்தத் திறனைக் கண்ணால் கண்டு உறுதிசெய்ததுதான் பின்னர் நடந்த பெரிய சோதனைகள் அனைத்துக்கும் அடிப்படை ஆயிற்று.

மீனின் உணவை அறிய அதைக் கொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பிடித்த மீனைச் சிறிது நேரம் மயக்கத்தில் வைத்து, வாய்வழியே ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி நீரைப் பீய்ச்சினால், இரைப்பையில் உள்ளவை வாய்வழியாகவே வெளிவந்து தட்டில் விழும். மீன் தெளிந்ததும் பிடித்த இடத்திலேயே விடப்படும். தட்டில் விழுந்தவற்றை உருப்பெருக்கியின் கீழ் பிரித்தெடுப்பதே கடும் உழைப்பு. எறும்பின் தலை, வண்டின் கெட்டியான மேலிறக்கை, கம்பளிப்புழுவின் தோல், சிலந்தியின் கால் ஆகியவை நிலத்திலிருந்து வந்தவை. பக்கவாட்டில் செவுள்கள் கொண்ட மேஃப்ளை புழுவும், மணலையும் சருகுத் துணுக்குகளையும் பட்டிழையால் ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும் கேடிஸ்ஃப்ளை புழுவும் ஓடைக்கு உரியவை. வகை பிரித்த ஒவ்வொன்றையும் அளந்து எடையாக மாற்றிய பிறகே, கோடைக்காலத்தில் இந்த மீன்களின் வயிற்றை நிரப்புவதில் பெரும்பங்கு காட்டிலிருந்து தவறி விழும் பூச்சிகளுக்கு உரியது என்பது தெளிவாயிற்று.

காட்டின் பூச்சி கிடைக்காவிட்டால் ஓடைக்கு என்ன நேரும்? இதற்கு நகானோவும் அவருடைய கூட்டாளிகளும் கையாண்ட வழி வியப்புக்குரியது. காய்கறி வளர்க்கும் பசுமைக்குடிலைப் போன்ற வளைவுச் சட்டங்களை ஓடையின் குறுக்கே நாட்டி, ஐம்பது மீட்டர் நீளமுள்ள பகுதிகளை மேலிருந்து மூடிவிட்டார்கள். மூடாத பகுதிகளை ஒப்பீட்டுக்காக அப்படியே விட்டார்கள். இரண்டு வகைகளிலும் சிலவற்றில் டாலி வார்டன் மீன்களை இட்டும் சிலவற்றில் மீன்களே இல்லாமலும் வைத்தார்கள். மூடிய பகுதியில் மேலிருந்து இரை விழாததால், மீன்கள் தமக்கே உரிய வழக்கப்படி அடித்தளத்துக்கு இறங்கிப் பாசி மேயும் பூச்சிகளைத் தின்றன; மேய்வதற்குப் பூச்சிகள் குறைந்ததால் கற்களின்மேல் பாசிப்படலம் தடித்து வளர்ந்தது. திறந்த பகுதிகளில் மீன்கள் இருந்தபோதும் அடித்தளப் பூச்சிகளின் அளவில் அப்படிப்பட்ட சரிவு ஏற்படவில்லை. மீன்கள் இல்லாத இடத்தில் மூடினாலும் மூடாவிட்டாலும் பாசியில் வேறுபாடு தோன்றவில்லை. ஆகவே மாற்றத்தைக் கொண்டுவந்தது நிழலோ வேறு எதுவுமோ அன்று, பசித்த மீனே என்பது ஐயமற நிறுவப்பட்டது. மேல்நிலை வேட்டை விலங்கிடம் ஏற்படும் மாற்றம் அதன் இரையைக் கடந்து, இரையின் உணவான தாவரம்வரை படிப்படியாக இறங்குவதைச் சூழலியலில் அடுக்கு விளைவு என்பர். மரக்கிளையிலிருந்து விழும் கம்பளிப்புழு ஓடையடிக் கல்லின் பாசியை நிர்ணயிக்கிறது என்று 1999இல் வெளியான இந்த ஆய்வு காட்டியது. வேறு எந்தப் பலனும் கிடைக்காமல் போயிருந்தாலும், இந்த ஒரு சோதனைக்காகவே நகானோவின் பெயர் நிலைத்திருக்கும்.

போக்குவரத்து ஒருவழிப் பாதையும் அன்று. மேஃப்ளை, கேடிஸ்ஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை போன்ற பூச்சிகள் புழுப்பருவத்தை நீருக்குள் கழித்துவிட்டு, இறக்கை முளைத்தவுடன் திரளாக மேலெழுந்து காற்றில் பறக்கின்றன. இணைசேர்ந்து முட்டையிட நீருக்குத் திரும்பும்வரை அவற்றின் குறுகிய வாழ்வு கரைக்காட்டில் கழிகிறது. நகானோவும் மசாஷி முரகமியும் பதினான்கு மாதங்கள் தொடர்ந்து ஓடையிலும் காட்டிலும் பூச்சிகளின் அளவைப் பதிவுசெய்து, மீன்களின் இரைப்பைகளை ஆராய்ந்து, பறவைகள் எதைக் கொத்துகின்றன என்பதையும் கவனித்து, இரு பக்கக் கணக்கையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். 2001 ஜனவரியில் வெளியான அந்தக் கட்டுரையின்படி, காட்டுப் பறவைகளின் மொத்த ஆண்டு ஆற்றல் தேவையில் 25.6 சதவீதத்தை ஓடையிலிருந்து எழுந்த பூச்சிகளும், மீன்களின் தேவையில் 44 சதவீதத்தை நிலத்திலிருந்து விழுந்த பூச்சிகளும் ஈடுசெய்தன. ஓர் உயிர்ச்சூழல் மற்றொன்றுக்கு இவ்வாறு அளிக்கும் உணவைச் சூழலியலாளர்கள் மானியம் என்று குறிப்பிடுகிறார்கள். இங்கே ஓடையும் காடும் ஒன்றுக்கொன்று மானியம் வழங்கிக்கொள்கின்றன.

இந்த எண்களைவிடவும் ஆழமானது அவற்றுக்குப் பின்னாலிருக்கும் பருவ ஒழுங்கு. பனி விலகி மரங்கள் இன்னும் தளிர்க்காத இளவேனிலில் ஓடையின்மேல் நேரடியாக வெயில் விழுவதால் பாசி செழிக்கிறது, நீர்ப்பூச்சிகள் முதிர்ந்து வெளியேறுகின்றன. அதே வேளையில் காட்டில் இலையே இல்லாததால் இலை தின்னும் புழுக்களும் இல்லை, பறவைகளுக்குப் பஞ்சம். சரியாக அந்த வேளையில்தான் ஓடை தன் பூச்சிகளை அனுப்பிவைக்கிறது. கோடையில் இலைகள் அடர்ந்து ஓடை நிழலில் மூழ்கியபின் நிலைமை தலைகீழாகிறது: நீர்ப்பூச்சிகள் பெரும்பாலும் வெளியேறிவிட்டதால் ஓடையில் இரை அருகியிருக்க, புழுக்களும் வண்டுகளும் காட்டில் பெருகி நீரில் விழுகின்றன. ஒரு பக்கம் வறட்சி நிலவும்போது மறுபக்கம் செழிப்பாக இருப்பதே இரண்டையும் தாங்குகிறது. மீனை மட்டும் கோடையில் ஆராய்ந்தவருக்கோ, பறவையை மட்டும் இளவேனிலில் ஆராய்ந்தவருக்கோ இந்த ஒழுங்கு புலப்பட வாய்ப்பே இல்லை. ஓர் ஆண்டைத் தாண்டி, ஒரு மாதத்தையும் விடாமல் எண்ணிக்கொண்டிருந்ததன் பயன் இது.

அதற்கடுத்த சோதனையில் ஓடையின் ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளம் நுண்வலையால் மூடப்பட்டது. வெளியேறும் பூச்சிகள் காட்டுக்குச் செல்ல முடியாதபடி தடுத்தபோது, கரையோரச் சிலந்திகளின் எண்ணிக்கை குறைந்தது. குறிப்பாக, நீரின்மேல் கிடைமட்டமாக வட்டவலை கட்டி, எழுந்து பறக்கும் பூச்சிகளையே நம்பி வாழும் நீள்தாடைச் சிலந்திகள் பெரிதும் பாதிக்கப்பட்டன. மூடிய பகுதியில் வௌவால்களின் நடமாட்டமும் குறைவாகவே இருந்தது. கரைக்கு மேலே பறக்கும் விலங்குகளையும் வலை பின்னும் விலங்குகளையும் ஓடையே ஊட்டி வளர்க்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

இவற்றுள் கடைசி இரண்டு ஆய்வுகளின் பலன் அச்சில் வருவதற்கு முன்பே நகானோ இறந்துவிட்டார். கியோட்டோ பல்கலைக்கழகத்துக்கு அப்போது மாறியிருந்த அவர், 2000 மார்ச் 27 அன்று மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் ஆய்வுப் படகு புயல்காற்றில் சிக்கிக் கவிழ்ந்தபோது, சக ஆய்வாளர்களான மசாஹிகோ ஹிகாஷி, தகுயா அபே ஆகியோருடனும், பாலைவனத் தீவுகளைக் கடல் எவ்வாறு உண்பிக்கிறது என்பதை ஆராய்ந்த அமெரிக்கச் சூழலியலாளர் கேரி போலிஸ், அவருடைய குழுவைச் சேர்ந்த மைக்கேல் ரோஸ் ஆகியோருடனும் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 37. ஓடைக்கும் காட்டுக்கும் இடையிலான பரிமாற்றத்தை அளந்தவரும், கடலுக்கும் தீவுக்கும் இடையிலானதை அளந்தவரும் ஒரே நாளில் மறைந்தது உணவு வலை ஆய்வுக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு.

அவர் தொடங்கிய வேலையை அவருடைய ஜப்பானிய மாணவர்களும் நண்பர்களும், கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் கர்ட் ஃபாஷ், அவரோடு பணியாற்றிய கோல்டன் பாக்ஸ்டர் ஆகியோரும் மேலெடுத்துச் சென்றார்கள். வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு ஹொக்கைடோவின் ஓடைகளில் பரவிய வானவில் ட்ரவுட் மீன் இந்தப் பரிமாற்றத்தில் என்ன செய்கிறது என்பது அவர்களுடைய கேள்வி. (பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் நீலகிரியின் அவலாஞ்சி ஓடைகளில் வளர்த்து விடப்பட்டதும் இதே இனம்தான்.) 2004இல் வெளியான முடிவுகள் கவலை தரக்கூடியவை. மேலிருந்து விழும் நிலப்பூச்சிகளை ட்ரவுட் முந்திக்கொண்டு தின்றுவிடுவதால், உள்ளூர் டாலி வார்டன் அடித்தளத்துக்கு இறங்கிப் பாசி மேயும் பூச்சிகளைத் தின்கிறது, பாசி பெருகுகிறது, முதிர்ந்து வெளியேறும் பூச்சிகள் குறைகின்றன, அவற்றை நம்பிய கரையோரச் சிலந்திகளின் அடர்த்தி 65 சதவீதம் சரிகிறது. நீரில் விடப்பட்ட ஒரு மீன், தான் ஒருபோதும் காணாத சிலந்தியைக் காட்டில் பட்டினி போடுகிறது. தூண்டிலுக்கு உகந்த மீன் என்று கருதி வெளிநாட்டு இனங்களை ஓடைகளில் விடுவோர், அந்த ஓடையின் மீன்களை மட்டுமே எண்ணிப் பார்ப்பது போதாது.

நிலப்பூச்சி நீரில் விழுவதெல்லாம் தற்செயல் என்ற எண்ணத்தையும் பின்வந்த ஜப்பானிய ஆய்வு ஒன்று திருத்தியது. குதிரைவால் மயிர் போன்ற நீண்ட மெல்லிய புழுக்கள் சில, வெட்டுக்கிளி, சிள்வண்டு இனப் பூச்சிகளின் வயிற்றுக்குள் ஒட்டுண்ணியாக வளர்கின்றன. முதிர்ந்த புழு நீரில்தான் இனப்பெருக்கம் செய்ய இயலும் என்பதால், அது தன்னைச் சுமக்கும் பூச்சியின் நடத்தையை மாற்றி, அதைத் தானே நீரில் குதிக்கும்படி செய்கிறது. தகுயா சாட்டோவும் அவருடைய குழுவினரும் கீ தீபகற்பத்து மலையோடையில் வாழும் அருகிவரும் சார் மீன்களின் உணவைக் கணக்கிட்டபோது, அம்மீன்கள் ஓராண்டில் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 60 சதவீதம் இவ்வாறு குதித்த பூச்சிகளிலிருந்தே கிடைப்பதாக 2011இல் தெரிவித்தனர். அழியும் தறுவாயில் இருக்கும் ஒரு மீனைக் காட்டுக்குள் மறைந்திருக்கும் ஓர் ஒட்டுண்ணி வாழவைக்கிறது என்பதை, இரைப்பையில் கிடந்த ஒவ்வொரு துண்டையும் பொறுமையாகப் பெயரிட்டவர்களால்தான் கண்டுபிடிக்க முடிந்தது.

இரைப்பை காட்டுவது கடைசி வேளை உணவை மட்டுமே; மென்மையான உடலுள்ள இரைகள் விரைவில் செரித்துவிடுவதால் அவை கணக்கில் குறைந்தும் விடுகின்றன. இதற்குத் துணையாக இன்று நிலைத்த ஐசோடோப்புகள் பயன்படுகின்றன. ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களே ஐசோடோப்புகள். உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படியேறும்போதும் உடலின் திசுக்களில் கனமான நைட்ரஜன் ஆயிரத்துக்கு மூன்று நான்கு என்ற அளவில் கூடுவதால், ஒரு விலங்கு எந்தப் படியில் நிற்கிறது என்பதை அதன் தசைத் துணுக்கே சொல்லிவிடுகிறது. கார்பனின் விகிதமோ, உணவின் தொடக்கம் பாசியா, மரத்தின் இலையா என்பதைப் பல ஓடைகளில் பிரித்துக் காட்டுகிறது. இரைப்பை நேற்றைய உணவையும் தசை சென்ற சில மாதங்களையும் காட்டுவதால், இரண்டையும் இணைத்தே ஆய்வாளர்கள் முடிவுக்கு வருகிறார்கள்.

நீரிலிருந்து கரைக்குச் செல்லும் விளைவுகள் எப்போதும் எதிர்பார்த்த வழியில் செல்வதில்லை. புளோரிடாவில் டிஃபனி நைட்டும் சக ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், மீன்கள் உள்ள குளங்களில் தட்டாம்பூச்சியின் இளம்பருவங்களை மீன்கள் தின்றுவிடுவதால் பறக்கும் தட்டான்கள் குறைவாகவும், தட்டான்கள் வேட்டையாடும் தேனீக்களும் பிற மகரந்தம் சுமக்கும் பூச்சிகளும் மிகுதியாகவும் காணப்பட்டன. ஆகவே அக்குளங்களின் கரையில் பூத்த செடிகளுக்கு மகரந்தம் குறைவின்றிக் கிடைத்தது.

உணவு கடக்கும் பாதையில் நஞ்சும் கடக்கிறது. இன்று உலகெங்கும் ஓடைக்கரை மரங்கள் வெட்டப்படுவதும், கரைகள் கான்கிரீட்டால் கட்டப்படுவதும் இந்தப் பரிமாற்றத்தையே அறுத்துவிடுகின்றன என்றால், தொழிற்சாலைக் கழிவுகள் அதை நச்சுப் பாதையாக மாற்றிவிடுகின்றன. மின்கருவிகளில் ஒருகாலத்தில் பெருமளவில் பயன்பட்ட பி.சி.பி. என்ற குளோரின் சேர்ந்த வேதிப்பொருள் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஹார்ட்வெல் ஏரியிலும் அதில் சேரும் ஓடையிலும் சேற்றோடு படிந்திருந்தது. டேவிட் வால்டர்ஸும் அவருடைய குழுவினரும் கரையோரச் சிலந்திகளிலும் தவளை, பல்லி போன்றவற்றிலும் அந்த நஞ்சை அளந்து, ஐசோடோப்புகளின் துணையோடு அவற்றின் உணவையும் கணித்தபோது, நீர்ப்பூச்சிகளை மிகுதியாக உண்ணும் விலங்கின் உடலில் நஞ்சும் மிகுதியாக இருப்பதை 2008இல் காட்டினார்கள். சேற்றைக் கரைக்குள்ளேயே அடக்கிவிட்டால் போதும் என்ற பழைய நம்பிக்கை அதனால் தளர்ந்தது. மாசுபட்ட ஆற்றடிச் சேற்றைத் தூய்மையாக்கும் பணி பலன் தருகிறதா என்பதைக் கணிக்க, நீரையும் மீனையும் சோதிப்பதோடு, கரையோர நீள்தாடைச் சிலந்திகளையும் பிடித்துச் சோதிக்கும் முறை இப்போது அந்நாட்டில் நடைமுறைக்கு வந்திருக்கிறது.